கிணற்றுத் தண்ணீரில் வெளிறிய நீலம்

என் மனைவி ஆகாய நீலச் சட்டை ஒன்றைப் பச்சை நூலால் தைத்துக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை அப்படியொன்று நடந்ததில்லை. சேலைச் சட்டை தைப்பதில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். சாவகச்சேரிச் சந்தையைச் சுற்றி எத்தனையோ தையல்கடைகள் வந்துவிட்டன. ஆனாலும் கலியாணவீடு என்றால் பெண்கள் துணியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் கேற்றைத்தான் தள்ளித் திறப்பார்கள். அப்படி வந்த ஒருத்தி, தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு போன கையோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, பகிடி விடுறியளோ? உது பச்சை நூலெல்லோ?"

மனைவி சட்டையை யன்னலடியில் பிடித்துப் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள், பிறகு கை நீட்டித் தூரப் பிடித்தாள். "நீலம்தானே பிள்ளை" என்றாள். வந்தவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டையைப் பார்த்தேன். கழுத்தோரம், கையோரம் எல்லாம் பச்சை நூல் வரிசை பிசகாமல் ஓடியிருந்தது. இதற்கு மேல் நேராகத் தைக்க ஒருவராலும் முடியாது.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, கனகாலமாக இருந்தது. அது கண்ணுக்கு ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்கில் விளக்குப் போட்டுப் பார்த்த டொக்டர், இந்த வருத்தத்தில் சிலருக்கு நீலம்தான் முதலில் குழம்பும் என்றார். மெல்லிய நீலம் வெள்ளையோடு போய்விடுமாம், கடும் நீலம் பச்சையோடு சேர்ந்துவிடுமாம். இடது கண்ணில் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை, வலது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றும் சொன்னார். அவர் மெதுவாகவும் மரியாதையாகவும்தான் சொன்னார். அப்படிச் சொல்வதால் கேட்பது இலகுவாகிவிடுவதில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு யோசனைதான். அதைச் சொன்னால் என்னைச் சுயநலக்காரன் என்பீர்கள். சொல்லுங்கள். நீலம் தெரியாதென்றால் இவ்வளவு காலமும் என் படங்களில் அவள் எதைப் பார்த்தாள் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பிக்கிறவன். சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு சயனோடைப் செய்யப் பழக்கினார். இரண்டு மருந்துத் தூள்களைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவிட்டு, அதன்மேல் இலையையோ நெகற்றிவ்வையோ வைத்துக் கண்ணாடியால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். கமரா தேவையில்லை, இருட்டறை தேவையில்லை. வெயிலும் தண்ணீரும் போதும். எங்கள் தென்மராட்சிப் பக்கம் இருக்கிறவனுக்கு இந்த இரண்டுக்கும் என்ன பஞ்சம் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டில் இதை நாங்கள் 'நீலம்' என்று மட்டும்தான் சொல்வோம். 'நீலப்படம்' என்று சொன்னால் ஊரில் வேறு கதை கட்டிவிடுவார்கள்.

என் படங்களைப் பார்ப்பதற்கென்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். சக ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, இதைப் போனிலேயே செய்யலாமே என்றார்கள். அத்தோடு அவர்களுக்குக் காட்டுவதை விட்டுவிட்டேன். மனைவி அப்படியில்லை. தையல் மெசினை நிறுத்திவிட்டு, படத்தைக் கையில் வாங்கி, சற்று நேரம் பார்த்து, "வடிவாயிருக்கு" என்பாள். சில நேரம், "போனமுறையை விட இது திறம்" என்பாள். அதை நம்பித்தான் நான் அடுத்த தாளில் மருந்து பூசினேன்.

கிளினிக்குக்குப் போய்வந்த மறுநாள் அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் செய்தேன். அவள் அன்றைக்குக் காலை முழுக்கத் தன் துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். அது என்னிடம் இருந்தது. பூசிய தாளின்மேல் கத்தரிக்கோலை விரித்து வைத்து வெயில் காட்டி, அலசி, காயவிட்டு, கொண்டுபோய் நீட்டினேன்.

"இது என்னெண்டு சொல்லும் பாப்பம்."

வாங்கினாள். வழக்கம்போலப் பார்த்தாள். "முருங்கையிலைதானே" என்றாள். "வடிவாயிருக்கு."

இருபது வருடத்துக்கு மேலாக அவள் கையிலேயே இருந்த கத்தரிக்கோல் அது. முருங்கையிலை என்று அவள் சொன்னது, கடைசியாகப் படத்துக்கென்று அவள் எனக்குப் பறித்துத் தந்தது முருங்கையிலை என்பதால்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் அயலட்டைக்கும் கேட்கும். "எவ்வளவு காலமா எனக்குப் பொய் சொன்னனீர்?" என்று கத்தினேன். அவள் கதிரையில் இருந்தபடி தாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முதல்லை கொஞ்சம் தெரிஞ்சது. பேந்து பனிப்புகார் மாதிரி. பேந்து வெறும் கடதாசி. நீங்கள் படத்தோடை வந்து நிக்கேக்கை உங்கடை முகத்தைப் பாத்தா எப்பிடிச் சொல்லுறது?"

"பாத்தா எண்டுறீர். என்ரை முகமாவது தெரியுதோ?"

நான் கேட்டிருக்கக்கூடாது.

"நடுவிலை தெரியாது" என்றாள். "தைக்கிறது கைப்பழக்கத்திலை. கதைக்கேக்கை சத்தம் வாற இடத்தைப் பாக்கிறன். தலைமயிர் தெரியும். தோள் தெரியும். நடுவிலை ஒரு மறைப்பு."

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இனிமேல் கண் விசயத்தில் என்னிடம் பொய் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான் என்றேன். அவள் ஓம் என்றாள். என்ன செய்து தந்தால் உமக்குத் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் இந்தக் கதை முழுக்க.

"உங்கடை முகத்தைப் பெரிசாச் செய்யுங்கோ. படத்திலை ஆள் ஆடாமல் அசையாமல் நிண்டா, யன்னலடியிலை வைச்சு, கடைக்கண்ணாலை துண்டு துண்டாப் பாத்து முடிப்பன். கண் போக முந்தி ஒருக்கா வடிவாப் பாக்கோணும்."

ஸ்ரூடியோவில் ஒரு படம் அடித்துக் கொடுத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். கறுப்பு வெள்ளையில் பெரிதாக அடித்துக் கொண்டுவந்தேன். அந்தத் தாள் மினுக்கம். யன்னலடியில் வைத்தவுடன் யன்னல் வெளிச்சம் முழுவதும் அதில் ஏறி நின்றது. எப்படித் திருப்பினாலும் அவளுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பளபளப்பு மட்டும்தான். போன் திரையும் அப்படித்தான், கண் கூசி நீர் வடிந்தது. நான் மருந்து பூசும் தாள் சொரசொரப்பானது, மினுங்காது. அதோடு உண்மையைச் சொன்னால், அவள் கடைசியாகப் பார்க்கும் படம் என் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. ஆகவே என் தாள்தான் என்று முடிவெடுத்தேன். ஆனால் நீலம் கூடாது. நீலத்தைக் கறுப்பாக மாற்ற வேண்டும்.

அது முடியாத காரியமில்லை. நீலத்துக்கு அடியில் இருப்பது இரும்பு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் படத்தைப் போட்டால் நீலம் கழன்று வெளிறிய மஞ்சளாகும், இரும்பு தாளிலேயே நிற்கும். பிறகு கடும் தேத்தண்ணீரில் ஊறவிட்டால் தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக் கறுப்பாக்கும். பழக்க வந்தவர் இதை ஒரு வேடிக்கை போலச் செய்து காட்டியிருந்தார். அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. நீலமே போதும் என்றிருந்த காலம்.

போனைத் தையல் மெசினில் சாய்த்து வைத்து என்னை நானே படம் எடுத்தேன். அவள் பின்னால் நின்று, "சிரியுங்கோ, இல்லாட்டி அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரி இருப்பியள்" என்றாள். சிரித்தேன். சாவகச்சேரியில் போட்டோக்கொப்பி அடிக்கும் ஒரு கொம்யூனிகேசன் கடையில் ஒளி ஊடுருவும் தாளில் அதை நெகற்றிவ்வாக அடித்தேன். கடைக்காரர் நெகற்றிவ்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளைக் கண்மணியும் கறுத்த பல்லுமாகப் பேய் போல இருந்தேன்.

முதலில் சோடா இல்லாமல் தேத்தண்ணீரில் மட்டும் போட்டுப் பார்த்தேன். நீலம் ஊத்தை நீலமானது, தாளின் வெள்ளையெல்லாம் தேத்தண்ணி நிறமானது. மனைவி யன்னலடியில் பிடித்துத் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். "தெரியேல்லை. ஒரு மழை மப்பு மாதிரிக் கிடக்கு" என்றாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

அடுத்தது சோடாவில் போட்டேன். நீலம் பேசினுக்குள் பார்த்துக்கொண்டிருக்கவே ஓடிப்போனது. தேத்தண்ணீரில் போட்டதும் என் தலைமயிர், மீசை, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு மூன்றும் மண்ணிறமாகத் திரும்பி வந்தன. கன்னம், மூக்கு, கண் ஒன்றும் வரவில்லை. தேர்தல் சின்னம் மாதிரி ஒரு மீசையும் கண்ணாடியும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் கனநேரம் பார்த்தாள்.

"கண்ணாடி தெரியுது" என்றாள். "கண் எங்கை?"

அவளுக்கு ஒரு கோடாவது தெரிந்தது என்பதே எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. அப்படியென்றால் கறுப்பு வேலை செய்யும். கண்ணையும் கன்னத்தையும் கொண்டுவந்துவிட்டால் போதும். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அது ஒன்றுதான் வேலை. சோடாவைக் குறைத்தேன். நேரத்தைக் குறைத்தேன். தேயிலையை மாற்றினேன், தூளில் போட்டேன், இலையில் போட்டேன். எப்படிச் செய்தாலும் மெல்லிய பகுதிகள் சோடாவுக்கு முன்னமே அரைவாசி போயிருந்தன. போதாததற்குத் தேத்தண்ணீரின்மேல் ஒரு ஆடை படர்ந்து அது தாளில் ஒட்டி, முகமெல்லாம் அம்மை போட்ட தழும்பு மாதிரிப் புள்ளி விழுந்தது. தேயிலைக் கொம்பனிக்காரனைத் திட்டினேன். தாள் விற்றவனைத் திட்டினேன். என் முகத்தையே திட்டினேன். திட்டாமல் விட்டது ஒன்றைத்தான், கிணற்றுத் தண்ணீரை.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு சீதனமாக வரும், ஆண் போய்க் குடியிருப்பான். வீட்டோடு கிணறும் வந்தது. நான் கடற்கரைப் பக்கத்து ஆள். எங்கள் ஊர்க் கிணறுகள் உவர், குடத்தோடு சைக்கிளில் போய் நல்ல தண்ணீர் எடுத்துவந்து வளர்ந்தவன். கலியாணம் முடித்து வந்த அன்று இந்தக் கிணற்றுத் தண்ணீரை அவள் செம்பில் தந்தபோது, குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன். அந்தக் கதையை அவள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். "இவர் உவர்த் தண்ணி குடிச்சு வளந்தவர், என்னைக் கட்டினது கிணத்துக்காகத்தான்" என்பாள். பக்கத்து வீடுகளுக்குப் போத்தல் தண்ணீரும் கான் தண்ணீரும் வரத் தொடங்கிய காலத்திலும் எங்கள் வீட்டுக்குள் அது வந்ததில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற வீட்டில் தண்ணீர் விலைக்கு வாங்குவது பெற்ற தாயைக் குறை சொன்னது மாதிரி. எனக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே திறமான தண்ணீரில் அலசுகிறேன், அலசுவதில் மட்டும் பிழை இருக்க முடியாது என்று நம்பி, வாளி வாளியாக ஊற்றி அலசினேன்.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் வலது கண்ணைக் கனநேரம் பார்த்தார். ஏற்கெனவே ஊசியும் லேசரும் போட்டாயிற்று, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள், பாரம் தூக்க வேண்டாம் என்றார். உள்ளே இரத்தம் கசிந்தால் மிச்சம் இருப்பதும் மறைந்துவிடலாம் என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். மனைவி அவருக்கு நன்றி சொன்னாள். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

ஆசுபத்திரிக்கு வெளியே ஒரு கடையில் பால் விடாத பிளேன்ரீ இரண்டு சொன்னேன். கண்ணாடிக் கிளாசில் வந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று தெளிந்திருந்தது. மேலே ஆடையில்லை. கிளாசின் விளிம்பில் கறையில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை, கலங்கிக் கறுத்து, மேலே மினுமினுவென்று ஆடை படர்ந்துதான் இருக்கும். தேத்தண்ணீர் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

"என்ன தண்ணி அண்ணை பாவிக்கிறியள்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கான் தண்ணிதான். கிணத்துத் தண்ணியிலை ஊத்தினா கேத்திலெல்லாம் சுண்ணாம்பு பிடிக்குது" என்றார்.

அங்கே நின்றபடியே எல்லாம் விளங்கியது. எங்கள் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தண்ணீர் அதற்குள்ளால்தான் ஊறி வருகிறது. சோடா நீலத்துக்குச் செய்வதைச் சுண்ணாம்புத் தண்ணீரும் மெதுவாகச் செய்யும். நான் சோடா போட முன்னமே கிணறு போட்டுவிடுகிறது. இன்று நேற்றல்ல, முதல் படத்திலிருந்தே. என் நீலங்கள் எல்லாம் பலமுறை தோய்த்த துணி போல வெளிறி வந்ததற்கு அதுதான் காரணம். அதை என் பாணி என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கடும் நீலமாக வந்திருந்தால் அவளுக்கு இன்னும் சில மாதங்கள் தெரிந்திருக்கும்.

ஒரு கண் போய் மற்றக் கண்ணும் போகப் போகிறது என்று சொல்லப்பட்ட நாள் அது. நான் தேத்தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றேன். மனிதன் எவ்வளவு கேவலமான பிராணி என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

பஸ் கைதடியைத் தாண்டும்போது அவளிடம் சொன்னேன். "படம் பிழைச்சதுக்குக் காரணம் தண்ணி. எங்கடை கிணத்துத் தண்ணி."

"எங்கடை கிணறோ?" என்றாள். சீற்றில் நிமிர்ந்தாள். "ஊர்ச்சனம் முழுக்கக் குடிச்ச தண்ணி. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. உங்களுக்குப் படம் சரிவராட்டி என்ரை கிணறு கூடாதோ?"

"குடிக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது? அலசக் கூடாது."

"கதைக்காதேங்கோ."

பார்வை போவதை டொக்டர் சொன்னபோது நன்றி சொன்னவள், கிணற்றைச் சொன்னதும் சாவகச்சேரி வரும் வரை யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு என்ன தெரிந்ததோ தெரியாது. எனக்குக் கோபமும் வந்தது, அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. பஸ்ஸில் இரண்டையும் செய்ய முடியாது.

கான் தண்ணீர் வாங்கினேன். அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கால் மூடி, களவெடுத்த பொருள் மாதிரி வைத்தேன். தண்ணீர் ஆயத்தம், நெகற்றிவ் ஆயத்தம், மருந்து பூசிய தாளும் ஆயத்தம். வெயில் போய்விட்டது. மாரி அந்த முறை முந்திக்கொண்டது. மழையாகக் கொட்டினாலும் பரவாயில்லை, கொட்டிவிட்டு வெளிக்கும். வானம் முகில் மூடி மப்பாகவே கிடந்தது. விடிந்தால் மப்பு, மத்தியானம் மப்பு. வருடம் முழுக்கத் தலையைப் பிளக்கும் வெயில், எனக்குத் தேவைப்பட்டபோது ஒளித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிழலும் வெளிச்சமும் படிப்பித்துக்கொண்டு யன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மப்பிலும் செய்து பார்த்தேன். தாள் பச்சையாகிக் கழுவுப்பட்டுப் போனது.

அந்த நாட்களில் ஒரு காலை, குசினியில் நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஏதும் எரியுதோ? புகையாக் கிடக்கு."

ஒன்றும் எரியவில்லை. அடுப்பே மூட்டவில்லை.

"கரி மாதிரி மேலையிருந்து இறங்குது" என்றாள். பயப்படாமல், மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகுதான் குந்திக்கொண்டு அடுப்பங்கரையைப் பிடித்தாள்.

ஓட்டோ பிடித்துக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம். இரத்தம் கசிந்துவிட்டது, தானாக வடிகிறதா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள். பொறுத்தோம். அது வடியவில்லை. யன்னல் எந்தப் பக்கம் என்பது தெரிந்தது, ஆள் முன்னால் போனால் ஒரு மறைப்புத் தெரிந்தது. அவ்வளவுதான் மிச்சம். தையல் மெசினை நான் துணியால் மூடினேன். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வெயில் எறித்தது. கழுவித் துடைத்த வெயில். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடமில்லை. செய்வதா விடுவதா என்று முற்றத்தில் நின்று யோசித்தேன். டொக்டர் இன்னும் கைவிரித்துச் சொல்லவில்லை, இரத்தம் வடிந்தாலும் வடியலாம், அப்போது படம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிச் சொன்னேனா, கை சும்மா இருக்க மாட்டாமல் சொன்னேனா தெரியாது.

தாளை வெயிலில் வைத்தேன். சாக்கை விலக்கிக் கான் தண்ணீரில் அலசினேன். நீலம் வந்தது பாருங்கள், என் வாழ்க்கையில் அப்படியொரு நீலம் என் கையால் வந்ததில்லை. அதைச் சோடாவில் போட மனம் வரவில்லை. போட்டேன். நீலம் மெதுவாகக் கழன்று, முகம் ஒரு மஞ்சள் சாயலாக நின்றது. கன்னம் நின்றது. இமை நின்றது. தெளிந்த தேத்தண்ணீரில் இறக்கினேன். ஆடை படரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நான் கறுத்து வந்தேன். முதலில் மீசை, பிறகு புருவம், பிறகு கண்மணி, மூக்கின் பக்கத்து நிழல், கழுத்துச் சுருக்கம், சவரம் செய்யாத வெள்ளை முடிகூட ஒவ்வொன்றாகத் துலங்கியது. அவ்வளவு நல்ல படம் நான் அதற்கு முன் செய்ததில்லை. இனிச் செய்யப்போவதுமில்லை.

காய்ந்ததும் கொண்டுபோய் யன்னலடியில் அவளை இருத்தி, கையில் கொடுத்தேன்.

"கறுப்பா வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம். பாரும்."

பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சரித்தாள், மற்றப் பக்கம் சரித்தாள். தாளை மூக்கு முட்டக் கொண்டுபோனாள். யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன், ஏதோ கதவு திறக்கப் போகிறது என்பது போல.

"தெரியேல்லை" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒருமுறை மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். சத்தியம் வாங்கியவன் நான்தான், அதை நானே வாய்திறந்து விடுவித்திருக்கவும் வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு விசர் வேலை பார்த்தேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, படத்தில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினேன். நெற்றி ஏறிவிட்டது என்றேன். புருவத்தில் வெள்ளை விழுந்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, கன்னம் ஒட்டிப்போய் வாயோரம் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கிறது என்றேன். சிரித்திருந்தாலும் சிரிப்பு மாதிரி இல்லை என்றேன். ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் தாளை என் மடியில் வைத்தாள்.

"காணும், போதும், விடுங்கோ" என்றாள். "உது ஆரோ ஒரு வயசான மனுசன். எனக்குள்ளை உங்கடை முகம் ஒண்டு கிடக்கு. அதையும் குழப்பிப் போடாதேங்கோ."

அந்த முகம் எந்த வயதினுடையது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். நான் அந்த வயதான மனிதனை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். இனிமேல் அவனை அவளுக்குத் தெரியவே போவதில்லை.